இடிக்கும் முன் படிக்க வேண்டியவை: நகர் வளர்ச்சித் திட்டமும் நம் கடைகளும்

கடைத்தெருவில் பொக்லைன் இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் நம்மில் பலர் சங்கத்தைத் தேடி வருகிறோம். "நாற்பது வருஷமாக இங்கேதான் கடை வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லாமல் இடிக்கிறார்களே" என்று கேட்கிறோம். விசாரித்துப் பார்த்தால், அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கும், நாளிதழிலும் வந்திருக்கும். அந்தப் பத்திரிகையில் நாமே வெல்லம் மடித்துக் கொடுத்திருப்போம். படித்திருக்க மாட்டோம்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்து வணிகர்களுக்கு இந்தப் பாடம் இப்போது மிகவும் தேவை. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் அரசாணை வெளியாயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதிகள் அதில் அடங்கின. செங்கல்பட்டு, மாமல்லபுரம் உள்ளிட்ட ஊர்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலையைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எடுத்துக்கொண்டது. ஆகவே நம் கடை எங்கே நிற்கும், எத்தனை அடி நிற்கும் என்பதை முடிவு செய்யும் தாள்கள் நம் காலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

எந்தச் சட்டம், என்ன திட்டம்?

அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன்படி ஊருக்கு மூன்று வகைத் திட்டம் வரலாம். ஊர் முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவது முழுமைத் திட்டம். புதிதாக வளரும் நகருக்கு எழுதப்படுவது புதுநகர் வளர்ச்சித் திட்டம். ஒரு சில தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சர்வே எண் வாரியாகச் சாலையின் அகலம் முதல் எல்லாவற்றையும் குறிப்பது விரிவு அபிவிருத்தித் திட்டம். முதல் இரண்டும் நிலத்தின் பயன்பாட்டைச் சொல்லும். மூன்றாவது நம் வாசற்படியைத் தொடும்.

இந்தத் திட்டம் எதுவும் ஒரே நாளில் சட்டமாகிவிடாது. முதலில் வரைவு தயாராகும். புதுநகர் வளர்ச்சித் திட்டமானால் 26-ஆம் பிரிவின்படி அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவின் நகலை எங்கே பார்க்கலாம் என்பதும் அதில் இருக்கும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் ஆட்சேபணைக்குக் காலம் தர வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்சேபணை எழுதியவரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் "என்னை நேரில் கேட்க வேண்டும்" என்று அவர் எழுத்தில் கோரியிருக்க வேண்டும். ஆட்சேபணைக் கடிதத்தின் கடைசி வரியில் இதை எழுத மறந்தால், நம் கடிதம் கோப்பில் ஒரு தாளாகக் கிடக்கும். எழுதினால் அதிகாரியின் எதிரே நமக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

வரைபடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நிறம். வழக்கமாகக் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம். இரண்டு தலைமுறையாகக் கடைத்தெருவாக இருக்கும் ஓர் இடம் மஞ்சளில் விழுந்துவிட்டால், அங்கே நாளை பெரிய கடையோ கிடங்கோ கட்ட அனுமதி கேட்கும்போது தொல்லை வரும். நம் சர்வே எண்ணைத் தேடிப் பிடித்து, அதன் நிறம் என்ன என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது, சாலைக் கோடு. இப்போது இருபது அடி இருக்கும் தெருவுக்குத் திட்டத்தில் நாற்பது அடி போட்டிருக்கலாம். அந்தக் கோடு நம் கல்லாப் பெட்டியின் மேல் போகிறதா, அரிசி மூட்டை அடுக்கும் இடத்தில் போகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அது "தொடர் கட்டடப் பகுதி" என்ற குறிப்பு. நம் பழைய கடைத்தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் கடைகள் நிற்கின்றன. இன்றைய விதி, அதாவது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், புதிதாகக் கட்டும்போது முன்னும் பின்னும் பக்கங்களிலும் இடம் விடச் சொல்கிறது. வண்டி நிறுத்தவும் இடம் கேட்கிறது. தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட தெருவில் மட்டும் பக்க இடைவெளி விடாமல் கட்டச் சலுகை உண்டு.

கணக்கில் பார்ப்போம். 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள ஒரு கிரவுண்டு மனை. மொத்தம் 2,400 சதுர அடி. பழைய கட்டடத்தில் அதன் முழுப் பரப்பிலும் தரையோடு கடைகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி, இரு பக்கமும் 5 அடி விட்டால், கட்டடம் 30 அடிக்கு 45 அடி. 1,350 சதுர அடி. இந்த அளவுகள் கணக்குப் புரிவதற்காகச் சொன்னவை. உண்மையான அளவு சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். அந்த 1,350-இலும் மாடிப்படி, நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் போக மீதி எவ்வளவு? தரைத்தளத்தில் பத்துக் கடை இருந்த இடத்தில் நான்கு கடை வந்தால் அதிகம். மற்றவை மாடிக்குப் போகும்.

மாடியில் நகைக்கடை நடக்கும், துணிக்கடை நடக்கும். மளிகைக் கடை நடக்குமா? எழுபது வயதுப் பாட்டி கால் கிலோ துவரம்பருப்புக்காக மாடி ஏறுவாரா? ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையை ஏற்றுகிற சுமைகூலியை எந்தச் சரக்கின் தலையில் வைப்போம்? ஆகவே நம் கடைத்தெருவைத் தொடர் கட்டடப் பகுதியாகக் குறிக்க வேண்டும் என்று கேட்பது, வணிகர் சங்கத்தின் ஆட்சேபணை மனுவில் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். திட்டம் வரைவாக இருக்கும்போது இதைச் சேர்ப்பது ஒரு வரி. முடிந்த பிறகு மாற்றுவது பல ஆண்டு வேலை.

கோடு போட்டுவிட்டுப் போய்விட்டால்?

சாலைக்கென்றோ பூங்காவுக்கென்றோ நம் இடத்தில் கோடு போட்டுவிட்டு, நிலத்தை எடுக்கவும் மாட்டார்கள், நம்மைக் கட்ட விடவும் மாட்டார்கள். இதனால் விற்கவும் முடியாமல், பழுதுபார்க்கவும் பயந்து தவிக்கும் குடும்பங்கள் உண்டு. இதற்கு அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி சொல்கிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வராமல், உடன்பாட்டின் மூலம் வாங்கவும் படாமல் போனால், அந்த நிலம் அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். சட்டம் இருந்தாலும் கோடு தானாக அழியாது. அரசிதழ்த் தேதியைக் குறித்து வைத்திருந்து, மூன்று ஆண்டு முடிந்ததும் நாமே எழுதிக் கேட்க வேண்டும்.

உண்மையாகவே நிலம் எடுக்க வந்தால் முதல் கேள்வி, "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்பது. நெடுஞ்சாலைக்கென்று தனிச் சட்டம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் என்றால், நிலச் சொந்தக்காரர் மட்டும் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டார். மூன்று ஆண்டுகளாக அங்கே பிழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட வாடகைதாரரின் குடும்பமும் அந்தக் கணக்கில் வரும். சிறு வணிகருக்கு ஒரே தவணையாகக் குறைந்தது 25,000 ரூபாய் உதவித்தொகை என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தொகை சிறிது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் பெயர் ஏறுவது பெரிது.

மாமல்லபுரத்தில் இடித்தால் என்ன ஆகும்?

மாமல்லபுரம் வணிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த ஊர் அது. அங்கே கடை கட்ட நினைப்பவர் திட்டக் குழுமத்தை மட்டும் கேட்டால் போதாது. இன்னும் இரண்டு வேலிகள் உண்டு.

ஒன்று கடல் வேலி. 1991-இல் முதலில் வந்து, 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கை நீளும்.

மற்றது தொல்லியல் வேலி. 1992 ஜூன் 16-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-இல் இது சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. அளவை கல்லிலிருந்து எடுப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எடுக்கிறார்கள். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள், முகுந்த நாயனார் கோயில் என்று சின்னங்கள் சிதறிக் கிடக்கும் ஊரில், இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கடைத்தெருவின் பெரும் பகுதியை மூடிவிடுகின்றன.

இப்போது கவனமாகப் படியுங்கள். தடை செய்யப்பட்ட 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தையும், அதன் பின் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டிய கட்டடத்தையும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் விண்ணப்பிக்கலாம். பழுதுபார்த்தல் என்பதில் இடித்துத் திரும்பக் கட்டுவது சேராது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. அதாவது, "ஓட்டுக் கடை ஒழுகுகிறது, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம்" என்று ஒருவர் அனுமதி இல்லாமல் இடித்துவிட்டால், அவர் கையில் மிஞ்சுவது கடை கட்ட முடியாத மண். அனுமதி பெறாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த 200 மீட்டரில் நிலைமை வேறு. அங்கே அனுமதி பெற்றுப் புதிதாகவும் கட்டலாம், இடித்தும் கட்டலாம்.

ஆகவே மாமல்லபுரத்து வணிகரின் பெரிய சொத்து, அந்தக் கட்டடம் 1992 ஜூனுக்கு முன் இருந்தது என்று காட்டும் தாள்தான். பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பேரூராட்சி காலத்து லைசென்ஸ், விற்பனை வரிப் பதிவுச் சான்று, தேதி போட்ட கிரயப் பத்திரம், இவற்றில் எது இருந்தாலும் அது தங்கம். கரையான் அரிக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

வாடகைக் கடைக்காரர் கவனத்துக்கு

நம் உறுப்பினர்களில் சொந்தக் கட்டடம் உள்ளவர்களைவிட வாடகைக்கு இருப்பவர்களே அதிகம். ஊர் வளர்ந்து மனை விலை ஏறினால் கட்டட உரிமையாளருக்கு லாபம். வாடகைதாரருக்கு?

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டு இன்னும் பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பழுதுபார்க்க, இடிக்க, மாற்றிக் கட்டக் கடையைக் காலி செய்யுமாறு உரிமையாளர் கேட்க 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. வேலை முடிந்த பின் வாடகைதாரர் திரும்பி வரலாமா என்றால், இருவரும் ஒத்துக்கொண்டு, புதிய ஒப்பந்தத்தை அந்த அமைப்பிடம் தாக்கல் செய்திருந்தால் மட்டும் வரலாம். இல்லையென்றால் இல்லை.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம கட்டடமா? முதல் கடை உங்களுக்குத்தான்" என்று உரிமையாளர் வாயால் சொல்வார். மனதாரச் சொல்வார். ஆனால் கட்டி முடிய இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் ஒரு பெரிய கம்பெனி மூன்று மடங்கு வாடகையோடு வந்து நிற்கும். அவருடைய மகன்களின் யோசனை வேறாக இருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காலி செய்வதற்கு முன், எந்தத் தளத்தில், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எந்த மாதத்துக்குள் என்று எழுதி வாங்கித் தாக்கல் செய்யுங்கள். உறவு கெடாது. எழுதாமல் விட்டு, பிறகு சண்டை போட்டால்தான் கெடும்.

நகராட்சிக்கும் அரசுக்கும் சொந்தமான கடைகளுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அங்கே பேசுவது அரசாணையும் மன்றத் தீர்மானமும். பழைய வளாகத்தை இடித்துப் புதிது கட்டினால் பெரும்பாலும் கடை ஏலத்துக்குப் போகும். பழைய குத்தகைதாரருக்கு முன்னுரிமை, வேலை நடக்கும் காலத்துக்குத் தற்காலிகக் கடை, பகுதி பகுதியாக இடித்தல் ஆகிய மூன்றையும் இடிக்கும் முன்பே மன்றத் தீர்மானத்தில் ஏற்றச் செய்ய வேண்டும். உறுப்பினரின் வாக்குறுதி அடுத்த தேர்தலோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நிற்கும்.

நம் கடை வாசலிலேயே காய்கறியும் பூவும் விற்பவர்களை மறக்கக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும்வரை அவர்களை அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேர் அவர்களே இருக்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் தெருவின் கூட்டம் குறையும்; நம் கல்லாவும் குறையும்.

பேருந்து நிலையம் நகர்ந்தால்

கடையைத் தொடாமலே வியாபாரத்தைக் கொண்டுபோகும் திட்டங்களும் உண்டு. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியதும், கோயம்பேட்டில் பயணிகளை நம்பியிருந்த கடைகளுக்கு நேர்ந்ததை நாம் பார்த்தோம். செங்கல்பட்டுக்கு வெம்பாக்கத்தில் புதிய நிலையம், மாமல்லபுரத்துக்கும் புதிய நிலையம் என்று அதே குழுமம் பணிகளை எடுத்திருக்கிறது. இவை வந்தால் ஊருக்கு நல்லது. பழைய நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவுக்கு என்ன ஏற்பாடு என்பதை நாம்தான் கேட்க வேண்டும். உள்ளூர்ப் பேருந்துகள் பழைய இடத்தைத் தொட்டுப் போகுமா? புதிய நிலையத்தில் சிறு வணிகருக்குக் கடைகள் எத்தனை?

இடமாற்றம் எல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டோம். கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. மாறும்போது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் கோயம்பேட்டில் சுமார் 295 ஏக்கர் இருந்தது, லாரி வந்து திரும்ப இடம் இருந்தது, வியாபாரம் பெருகியது. இதற்கு நேர்மாறு திருச்சி. காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்கென்று கள்ளிக்குடியில் ஒரு பெரிய வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். கடை சிறிது, ஊருக்குத் தொலைவு என்று வியாபாரிகள் போகவில்லை. பல கோடி ரூபாய்க் கட்டடம் நின்றது, வியாபாரம் பழைய இடத்திலேயே நடந்தது. ஒரு மூட்டை இறக்க எத்தனை அடி வேண்டும் என்பது வரைபடம் போடும் பொறியாளருக்குத் தெரியாமல் இருக்கலாம்; நமக்குத் தெரியும். அதைக் கட்டி முடித்த பிறகு சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. கடையின் சர்வே எண், கதவு எண், நீள அகலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது தெரியாமல் எந்த வரைபடமும் புரியாது.

2. பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், சொத்து வரி, மின் அட்டை, லைசென்ஸ், பழைய வரிப் பதிவு ஆகியவற்றின் நகல்களில் ஒரு தொகுதியைக் கடைக்கு வெளியே வையுங்கள்.

3. சங்கத்தில் இருவரை நியமித்து, திட்டக் குழும அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் மாதம் ஒருமுறை போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வரச் செய்யுங்கள். உங்கள் ஊருக்கு வரைவு வந்துவிட்டதா, ஆட்சேபணை நாள் எப்போது முடிகிறது என்பதே அவர்கள் முதலில் கேட்க வேண்டியது.

4. ஆட்சேபணையைச் சங்கத்தின் பெயரில் ஒன்றும், ஒவ்வொரு கடைக்காரர் பெயரில் ஒன்றும் அனுப்புங்கள். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதாமல், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, எதை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். நேரில் கேட்கவும் கோருங்கள். ஒப்புகை பெற்றுக் கோப்பில் சேருங்கள்.

5. மாமல்லபுரத்தில், தொல்லியல் அனுமதி கைக்கு வராமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

6. வாடகைக் கடைக்காரர், திரும்பி வரும் ஒப்பந்தம் தாக்கலாகாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சிக்கலான வழக்காக இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஊர் வளர வேண்டும்; சாலை அகலமாக வேண்டும்; வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் வேண்டும். இதையெல்லாம் வணிகர்கள் மறுப்பதில்லை, வளர்ச்சியால் முதலில் பிழைப்பவர்களே நாம்தான். நாம் கேட்பது, திட்டம் போடும் மேசையில் நம் தராசுக்கும் ஓர் இடம். சட்டம் அந்த இடத்தை இரண்டு மாத காலத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் சர்வே எண் எழுதிய அந்தத் தாளோடு வாருங்கள். வரைபடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.